மண்டேலாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மன்னிப்பிலிருந்து தொடங்கலாமா?

கரும்பலகை:

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஜூலை 18 நெல்சன் மண்டேலா பிறந்த நாள். ஐ.நா. சபை 2009இல் அறிவித்ததிலிருந்து உலகம் முழுக்க அதைக் கொண்டாடுகிறார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். அப்புறம் என் பாடவேளையில் விரும்பியபடி நடத்திக்கொள்ளலாம்.

அந்த ஐந்து நிமிடப் பேச்சு எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களுக்காகப் போராடினார், 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார், வெளியே வந்ததும் எதிரிகளை மன்னித்தார், நோபல் பரிசு பெற்றார், நாமும் மன்னிக்கப் பழகுவோம். கைதட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விடலாம். இதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் யாரை மன்னித்தார், எதற்காக மன்னித்தார், எப்போது மன்னித்தார் என்று ஒரு பிள்ளை கேட்டால் இந்தப் பேச்சில் பதில் கிடையாது. அநியாயம் என்னவென்றே தெரியாமல் மன்னிப்பை மட்டும் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம்? எங்கிருந்து தொடங்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குருவி:

டீச்சர், நான் என் பையனுக்குப் பள்ளிக்கூடத்தின் முதல் நாளிலிருந்துதான் சொன்னேன். கிழக்கு கேப் பகுதியில் குனு என்ற சிற்றூர். பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் ரோலிஷ்லாஷ்லா. பள்ளியில் சேர்ந்த அன்றே ஆசிரியை மிடிங்கானே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வோர் ஆங்கிலப் பெயர் சூட்டினார். இவருக்குக் கிடைத்தது நெல்சன். அந்தக் காலத்தில் அங்கே அதுதான் வழக்கம். என் பையன் உடனே, "அவங்க அம்மா வெச்ச பேருக்கு என்னாச்சு?" என்று கேட்டான். அவனுக்கு ஆறு வயதுதான். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பாடம் வந்துவிட்டது.

வெயிலூரான்:

தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: கூடாது. தயவுசெய்து மன்னிப்பிலிருந்து தொடங்காதீர்கள்.

என் மூத்த பெண் நாலாம் வகுப்பு படித்தபோது அவள் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்த கூட்டம் ஒன்று வகுப்பில் இருந்தது. ரொம்ப நாள் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். தெரிந்ததும் பள்ளிக்குப் போய்ப் பேசினோம். அவர்கள் செய்தது இதுதான். இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருத்தியை "சாரி" சொல்ல வைத்து, என் மகளை "பரவாயில்லை" சொல்ல வைத்து, கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேலி நிற்கவும் இல்லை. மறுபடி போய்ச் சொன்னபோது, "அதான் அன்னைக்கே மன்னிச்சாச்சே, இன்னும் ஏன் மனசுல வெச்சிருக்கே" என்று என் மகளுக்குத்தான் அறிவுரை நடந்தது.

அதனால்தான் சொல்கிறேன். பெரிய மனிதர் ஒருவர் மன்னித்தார் என்ற கதை, அடிபட்ட பிள்ளையின் வாயை அடைக்க ரொம்ப வசதியான கதை. உங்கள் வகுப்பில் அப்படி அடிபட்ட பிள்ளை ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். மண்டேலா பாடம் முடிந்ததும் அது என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் என்பதை யோசித்து நடத்துங்கள்.

கரும்பலகை:

நீங்கள் சொன்னது மனதில் தைக்கிறது, வெயிலூரான். உங்கள் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள் என்று நம்புகிறேன்.

அநியாயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் "இனவெறி" என்ற சொல்லைப் பலகையில் எழுதினால் பிள்ளைகள் குறித்துக்கொள்வார்களே தவிர, ஒன்றும் உறைக்காது. கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும்.

செங்காந்தள்:

சட்டத்திலிருந்து தொடங்குங்கள் டீச்சர். சில கெட்ட மனிதர்கள் சேர்ந்து செய்த கொடுமை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நாடாளுமன்றத்தில் எழுதி, வாக்கெடுத்து, அரசிதழில் அச்சடித்துச் செய்த கொடுமை அது.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் எந்த இனம் என்று அரசாங்கம் பதிந்து வைக்கும். சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். பென்சில் நழுவி விழுந்தால் ஒரு இனம், சிக்கி நின்றால் வேறு இனம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு இனமாகவும் தங்கை வேறு இனமாகவும் பதிவானது உண்டு. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், எந்த இனம் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் வெள்ளையருக்கென்று அறிவித்து, 60,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேரக்கூடியது 1953ஆம் ஆண்டின் பான்டு கல்விச் சட்டம். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனிப் பாடத்திட்டம், குறைந்த செலவில். அதைக் கொண்டுவந்த அமைச்சர் ஹென்ட்ரிக் வெர்வூர்ட், பிற்பாடு பிரதமரும் ஆனார். கூலி வேலைக்கு மேல் போகப்போகாத பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்பதுதான் அவர் வாதம். இதை வகுப்பில் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பிள்ளைகளே பேசுவார்கள்.

அந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். வெர்வூர்ட். கடைசியில் தேவைப்படும்.

ஜோபர்க்வாசி:

வேலை விஷயமாக ஜோகன்னஸ்பர்க்கில் குடும்பத்தோடு இருக்கிறேன். என் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். டீச்சர் கேட்ட "தொட்டுப் பார்க்கிற" விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கால்சட்டை.

1964 ஜூனில் ரிவோனியா வழக்கு என்ற நாசவேலை வழக்கில் ஆயுள் தண்டனை விதித்து, ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மண்டேலாவுக்கு அப்போது 45 வயது. அவரோடு தண்டனை பெற்றவர்களில் அகமது கத்ராடா இந்திய வம்சாவளி, வயது 34, தீவுக்குக் கொண்டுபோன அந்தக் குழுவிலேயே இளையவர். சிறை உடுப்பு கொடுத்தார்கள். கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை, மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. சிறை விதி அப்படி. இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் முழுக்கால் சட்டை, ஆப்பிரிக்கருக்கு அரைக்கால் சட்டை. ஆப்பிரிக்க ஆண் எத்தனை வயதானாலும் "பையன்" என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு. குளிர்காலத்தில் அந்தத் தீவில் கடல் காற்று எலும்பைத் துளைக்கும். அரைக்கால் சட்டையோடு அதைத் தாங்க வேண்டும்.

சாப்பாடும் அப்படியே. இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கருக்கு இல்லை. இறைச்சியிலும் ஆப்பிரிக்கருக்குக் குறைந்த அளவு. அந்தப் பட்டியலை இன்றும் தீவில் காட்டுகிறார்கள். கேப் டவுன் துறைமுகத்திலிருந்து படகில் போக வேண்டும். சிறைக்குள் சுற்றிக்காட்டுபவர்கள் அங்கேயே கைதியாக இருந்தவர்கள். நாங்கள் போனபோது என் மகன் அந்தப் பட்டியலுக்கு முன்னால் வெகு நேரம் நின்றான். அறையைப் பார்த்துக்கூட அவன் அவ்வளவு அதிரவில்லை. மூன்று எட்டு வைத்தால் முடிந்துவிடும் அறை, தரையில் படுக்கப் பாய், ஓரமாக ஒரு வாளி. அதெல்லாம் சிறை என்றால் இருக்கும் என்று நினைத்திருப்பான்போல. "ஜெயிலுக்குள்ளயுமா பிரிச்சாங்க?" என்றுதான் கேட்டான்.

வகுப்பில் இதை வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். "உனக்கு முழுக்கால் சட்டை கிடைத்துவிட்டது. பக்கத்தில் நிற்கிற, உன்னைவிடப் பெரியவருக்கு அரைக்கால் சட்டை. நீ என்ன செய்வாய்?" நம் பிள்ளைகளை நேரடியாகத் தொடுகிற கேள்வி இது. ஏனென்றால் நம்மைப் போன்ற முகம் உள்ளவர்கள் அந்த வரிசையில் நடுவில் நின்றார்கள், கடைசியில் அல்ல. ராபன் தீவில் அவர்கள் எடுத்த முடிவு எல்லோருக்கும் சமமாகக் கேட்பது. ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், அப்புறம்தான் உணவும் உடையும் மெல்ல மெல்ல மாறின.

பழைய வானொலி:

ஜோபர்க்வாசி தம்பி சொன்ன அந்த "நடுவில் நின்றவர்கள்" விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அவசியம்.

சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16. கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களில் தமிழர் ஏராளம். காந்தி அங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914இல் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே போராட்டத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரெஸ் நாயுடு, மண்டேலா இருந்த அதே தீவில் 10 ஆண்டுகள் கைதியாக இருந்தவர். தாத்தா காலத்துப் போராட்டம் பேரன் காலம்வரை முடியவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984இல் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும் நாடாளுமன்றத்தில் தனித்தனி அவைகள் கொடுத்தார்கள். பெரும்பான்மையான ஆப்பிரிக்கருக்கு ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள் என்பதுதான் அதன் பொருள். இந்தியர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவே போகவில்லை. கால்சட்டைக் கேள்விக்கு ஊரே சேர்ந்து சொன்ன பதில் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு:

எல்லாம் சரி. ஆனால் ஒன்றை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். மண்டேலா ஆயுதம் ஏந்திய அமைப்பைத் தொடங்கியவர். 1961 டிசம்பர் 16 அன்று உம்கொன்டோ வெ சிஸ்வே என்ற அந்த அமைப்பு முதல் தாக்குதலை நடத்தியது. ஆயுள் தண்டனை விழுந்தது அதற்காகத்தான். இதை மறைத்துவிட்டுக் காந்தியின் மறுபிறவி மாதிரி காட்டினால், பிள்ளைகள் வளர்ந்து படிக்கும்போது நம்மைத்தான் நம்ப மாட்டார்கள்.

மழைக்குருவி:

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் குண்டு வைத்ததையெல்லாம் பேச வேண்டுமா? எனக்கு ஒப்பவில்லை. வன்முறை சரிதான் என்று எடுத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

செங்காந்தள்:

மறைக்க வேண்டாம் மழைக்குருவி. வரிசையாகச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். 1952இல் ஆயிரக்கணக்கானோர் வேண்டுமென்றே "வெள்ளையர் மட்டும்" வாசல்களில் நுழைந்து, அடிக்காமல், திருப்பித் தாக்காமல், சிறைக்குப் போனார்கள். சட்டம் இன்னும் இறுகியது. 1956இல் 156 பேர்மீது தேசத்துரோக வழக்கு. நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்துக் கடைசியில் எல்லோரும் விடுதலை. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் மக்கள் அடையாளப் புத்தகம் இல்லாமல் காவல் நிலையம் போய் நின்றார்கள். கறுப்பினத்தவர் அந்தப் புத்தகம் இல்லாமல் தெருவில் நடந்தாலே கைது செய்வார்கள். கைது செய்யுங்கள் பார்க்கலாம் என்று நின்ற கூட்டத்தின்மேல் காவலர்கள் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். அடுத்த மாதம் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸையே தடை செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆயுதம்.

அதிலும் தொடக்கத்தில் ஆள் சாகாதபடி மின்கம்பம், அரசு அலுவலகம் போன்றவற்றைத்தான் குறிவைத்தார்கள். பிற்காலத்தில், மண்டேலா சிறையில் இருந்தபோது, அதே அமைப்பின் தாக்குதல்களில் பொதுமக்களும் இறந்தார்கள். 1983இல் பிரிட்டோரியாவில் கார் வெடிகுண்டில் 19 பேர். இதையும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு தாங்கும். ஆறாம் வகுப்புக்கு ஷார்ப்வில் வரை போதும்.

சரியா தப்பா என்ற தீர்ப்பைப் பிள்ளைகளிடமிருந்து வாங்க வேண்டாம். "கேட்கிற வழியெல்லாம் அடைத்தபிறகு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு விட்டுவிடலாம். ஒரே பதில் வராது, வரவும் கூடாது.

கரும்பலகை:

ஏழாம் வகுப்புக்கு இந்த வரிசையிலேயே சொல்லப்போகிறேன். 1985இல் நடந்ததையும் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். வன்முறையைக் கைவிடுகிறேன் என்று சொன்னால் விடுதலை என்று அதிபர் போத்தா ஆசை காட்டினார். மண்டேலா மறுத்தார். அவர் மகள் சின்சி, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவெட்டோவில் ஒரு மைதானத்தில் கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பதிலைப் படித்தார். சுதந்திரமான மனிதன்தான் பேச்சுவார்த்தை நடத்த முடியும், கைதி ஒப்பந்தம் போட முடியாது என்று அதில் வரும். 20 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்த மனிதர், கதவு திறந்தும் வெளியே வர மறுத்தார். மன்னித்தவர் என்று மட்டும் கேள்விப்பட்ட பிள்ளைகள் இந்த மறுப்பையும் கேட்கட்டும்.

சொவெட்டோ என்றதும் 1976 ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. கணக்கையும் சமூக அறிவியலையும் வெள்ளை ஆட்சியாளர்களின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து, ஜூன் 16 அன்று பள்ளிப் பிள்ளைகள் சீருடையிலேயே ஊர்வலம் போனார்கள். காவலர்கள் சுட்டதில் ஹெக்டர் பீட்டர்சன் இறந்தான். 12 வயது. என் வகுப்புப் பிள்ளைகளின் வயது. இன்னொரு பையன் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட, பக்கத்தில் அக்கா கதறிக்கொண்டு வருகிற புகைப்படம் இருக்கிறது. அதைக் காட்டலாமா?

ஜோபர்க்வாசி:

இங்கே ஜூன் 16 அரசு விடுமுறை, இளைஞர் நாள். அந்தப் புகைப்படம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் யோசனை: முதலில் கதையைச் சொல்லுங்கள், காட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் காட்டுங்கள், பார்க்க விரும்பாத பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளலாம். சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம்.

வெயிலூரான்:

அநியாயம், போராட்டம் இரண்டும் வந்துவிட்டன. இப்போது மன்னிப்புக்கு வருவோம். அது எப்போது வந்தது என்பதுதான் என் கவலை. 1990 பிப்ரவரி 11 விடுதலை. 1994 ஏப்ரல் இறுதியில் முதல் முறையாக எல்லோரும் வாக்களித்தார்கள். மே 10 அவர் அதிபர். கை கட்டப்பட்டிருந்தபோது யாரும் அவரிடம் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. பழிவாங்குகிற அதிகாரம் கைக்கு வந்த பிறகு, வேண்டாம் என்று வைத்தார். என் மகளிடம் கேட்ட மன்னிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

செங்காந்தள்:

அதோடு உண்மையும் விலையாக இருந்தது. 1995இல் சட்டம் இயற்றி உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்தார்கள். தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர் நேரில் வந்து, ஒன்றும் ஒளிக்காமல் முழுசாகச் சொன்னால் பொதுமன்னிப்பு. இல்லையென்றால் கிடையாது. விண்ணப்பித்தவர்கள் 7,000க்கும் மேல், கிடைத்தது 849 பேருக்கு. பாதிக்கப்பட்டவர்களும் பொதுவில் உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். நாடே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டது. வெயிலூரான், உங்கள் மகளின் பள்ளியில் யாரும் கேட்காத "என்ன நடந்தது" என்ற கேள்வியைத்தான் அந்த ஆணையம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது.

எல்லோரும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. காவலில் 1977இல் கொல்லப்பட்ட கறுப்பினப் போராளி ஸ்டீவ் பீகோவின் குடும்பம், எங்களுக்கு நீதிதான் வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனது. தோற்றது. அவர்களும் நல்லவர்கள்தான், மன்னிக்க மறுத்ததால் மண்டேலாவைவிடச் சிறியவர்களாகிவிடவில்லை என்று பிள்ளைகளிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் பீகோ வழக்கில் விண்ணப்பித்த காவலர்களுக்கு ஆணையமே பொதுமன்னிப்பை மறுத்தது, முழு உண்மையைச் சொல்லவில்லை என்று.

நேர்கோடு:

ஏழை பணக்காரர் கணக்கையும் சேருங்கள். 2017 நிலத் தணிக்கைப்படி தனிநபர் கையில் இருக்கும் விவசாய நிலத்தில் 72% வெள்ளையர்களிடம். மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மன்னித்ததும் எல்லாம் சுபம் என்று கதை முடியவில்லை.

பழைய வானொலி:

அதையும் சொல்லட்டும். ஆனால் அந்தக் கையில் கிடைத்த அதிகாரத்தை அவர் எப்படி வைத்துக்கொண்டார் என்பதைப் பிள்ளைகள் ஆசை தீரக் கேட்க வேண்டும். நான் அப்போது வேலையில் இருந்தேன். 1993 ஏப்ரலில் கறுப்பின மக்களின் தலைவர்களில் ஒருவரான கிறிஸ் ஹானியைச் சுட்டுக் கொன்ற செய்தியை வானொலியில் கேட்டவன். தென்னாப்பிரிக்கா அவ்வளவுதான், எரியப்போகிறது என்றே எல்லோரும் பேசினோம். மண்டேலா அப்போது அதிபர் இல்லை. ஆனாலும் தொலைக்காட்சியில் நாட்டிடம் பேசினார். கொன்றவன் வெள்ளையன், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவன். அவன் காரின் எண்ணைப் பார்த்துக் காவல்துறைக்குச் சொல்லிப் பிடித்துக் கொடுத்தவரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிதான், ஆப்பிரிக்கான்ஸ் பேசும் ஆப்பிரிக்கானர் இனத்தவர். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். கோபத்தை அடக்கு என்று சொன்னதைவிட, அந்தப் பெண்மணியை மக்களுக்கு ஞாபகப்படுத்தியது பெரிய காரியம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கரும்பலகை:

ஐயா, இதைக் காலை வணக்கக் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு இது ஒன்றே போதும்.

மழைக்குருவி:

ரக்பி கதையை ஏன் யாரும் சொல்லவில்லை? சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். 1995 ஜூன் 24, உலகக் கோப்பை இறுதியாட்டம். அதுவரை கறுப்பினத்தவர் தங்கள் நாட்டு அணி தோற்க வேண்டும் என்று எதிரணிக்குக் கைதட்டுவார்களாம். அந்த அணியின் பச்சைச் சட்டையை, தலைவர் பியனாரின் 6ஆம் எண்ணோடு, மண்டேலா போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். கூடியிருந்த 60,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் வெள்ளையர். அவர் பெயரைச் சொல்லி முழக்கமிட்டார்கள். நியூசிலாந்தை 15–12 என்று வென்றார்கள்.

ஜோபர்க்வாசி:

சொல்லலாம், ஆனால் அதை மட்டும் சொன்னால் இனிப்பாக முடிந்துவிடும். அன்றைய அணியில் வெள்ளையர் அல்லாத வீரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். கூடவே இதையும் சொல்லுங்கள்: 2019இலும் 2023இலும் கோப்பையை வாங்கிய தலைவர் சியா கொலிசி, அந்த அணிக்கு முதல் கறுப்பினத் தலைவர். அவர் பிறந்தது 1991 ஜூன் 16. செங்காந்தள் சொன்ன மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது மறுநாள், ஜூன் 17. அவர் போடுவதும் 6ஆம் எண் சட்டைதான். என் மகனுக்கு அவர்தான் நாயகன்.

செங்காந்தள்:

இப்போது வெர்வூர்டுக்கு வாருங்கள் டீச்சர். கறுப்பினப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்றவர். மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விழுந்தபோது பிரதமராக இருந்தவரும் அவரே. 1995இல் அதிபர் மண்டேலா, ஒரானியா என்ற வெள்ளையர் குடியிருப்புக்குப் போய், வெர்வூர்டின் மனைவி பெட்சியைப் பார்த்துத் தேநீர் அருந்தினார். அந்த அம்மாளுக்குத் தொண்ணூறைத் தாண்டிய வயது. அதே ஆண்டு, ரிவோனியா வழக்கில் தன்மேல் குற்றம் சாட்டி வாதாடிய அரசு வழக்கறிஞர் பெர்சி யூட்டரை விருந்துக்கு அழைத்து உட்காரவைத்தார். கல்விச் சட்டத்தை முதலில் கேட்ட பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தேநீர் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

வெயிலூரான்:

கடைசியாக ஒன்று. பல பள்ளிகளில் தலைவர்கள் பிறந்த நாள் என்றால் மாறுவேடப் போட்டி வைப்பார்கள். ஒரு பிள்ளை முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, வெள்ளைத் தலைமுடி ஒட்டி, "நான்தான் மண்டேலா" என்று மேடையில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். பூசிவிடுபவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் சாயமே தேவைப்படாத நிறத்தில் இருக்கிற பிள்ளைகள் கீழே உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது வேண்டவே வேண்டாம்.

கரும்பலகை:

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். மாறுவேடம் இல்லை. மண்டேலா போட்ட மாதிரி பூப்போட்ட சட்டை போட விரும்புகிறவர்கள் போட்டுக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

இரண்டு வகுப்பிலும் நடத்திவிட்டேன். கால்சட்டைக் கேள்விக்கு ஆறாம் வகுப்பில் பெரிய சண்டையே வந்தது. "நானும் அரைக்கால் சட்டையே போட்டுக்குவேன்" என்று பாதிப் பேர். "நீ போட்டுக்கிட்டா அவருக்கு என்ன லாபம், அவருக்கும் முழுசு கேளு" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். கல்விச் சட்டத்தைச் சொன்னபோது நான் எதிர்பார்த்த கூச்சல் வரவில்லை, எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். நம் ஊரில் தனிக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடையைப் பற்றித் தாத்தா சொல்லியிருக்கிறார் என்று ஒரு பையன் தானாகவே சொன்னான். அதை அடுத்த பாடவேளையில் தனியாக எடுக்கிறேன்.

யாரையும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவோ கொடுக்கவோ சொல்லவில்லை, வெயிலூரான்.

ஏழாம் வகுப்பில் வந்த ஒரு கேள்விக்கு மட்டும் உதவி வேண்டும். "அப்ப கெட்டவங்க யாருக்குமே தண்டனை இல்லையா மிஸ்? அவருக்கு எப்படிக் கோபம் போச்சு?" வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

செங்காந்தள்:

முதல் பாதிக்குப் பதில்: தண்டனை இருந்தது. அரசாங்கத்தின் கொலைப்படைக்குத் தலைமை தாங்கிய யூஜின் டி கோக்கிற்கு 1996இல் இரண்டு ஆயுள் தண்டனையும் அதன்மேல் 212 ஆண்டுகளும் கிடைத்தன. 2015இல்தான் பரோலில் வந்தார். ஆனால் தப்பித்தவர்கள் அதிகம். முன்னாள் அதிபர் போத்தா ஆணையத்துக்கு வரவே மறுத்தார். அந்தப் பிள்ளை கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றே சொல்லுங்கள்.

ஜோபர்க்வாசி:

இரண்டாவது பாதிக்கு ராபன் தீவிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பாடன்ஹார்ஸ்ட் என்று ஓர் அதிகாரி வந்தார். வந்தவர்களிலேயே ரொம்பக் கொடூரமானவர். ஒருமுறை நீதிபதிகள் மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போதே மண்டேலா கைதிகளை அடித்ததைப் பற்றிப் புகார் சொன்னார். அதிகாரி கோபத்தில் நீதிபதிகள் எதிரிலேயே மிரட்டினார். உங்கள் முன்னாலேயே இப்படி மிரட்டுகிறவர், நீங்கள் இல்லாதபோது என்ன செய்வார் என்று பாருங்கள் என்று மண்டேலா அமைதியாகத் திரும்பிச் சொன்னார். கொஞ்ச காலத்தில் அந்த அதிகாரியை மாற்றிவிட்டார்கள்.

போகும்போது அதே மனிதர் மண்டேலாவிடம், உங்களுக்கெல்லாம் நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். மண்டேலா திகைத்துப்போனார். இந்த ஆளுக்குள்ளும் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார், கொடுமைக்குச் சம்பளமும் பதவி உயர்வும் கொடுக்கிற அமைப்புதான் இவரை அப்படி நடக்க வைத்திருக்கிறது என்று அதைப் பற்றி வெகுநேரம் யோசித்தார். கவனியுங்கள், முதலில் புகார், அப்புறம்தான் இந்த யோசனை. காவலர்களின் மொழியான ஆப்பிரிக்கான்ஸையும் அவர் சிறையில் உட்கார்ந்து படித்துத் தேர்ந்தார்.

கரும்பலகை:

நன்றி. இதை வெள்ளிக்கிழமை அப்படியே சொல்கிறேன். நீதிபதிகள் வந்த காட்சியைப் பிள்ளைகளை வைத்து நடிக்கச் சொல்லலாம் என்று தோன்றுகிறது, முகச்சாயம் எதுவும் இல்லாமல். பாடன்ஹார்ஸ்டாக நடிக்க யாரும் முன்வராவிட்டால் நானே நின்றுகொள்கிறேன்.